பதினேழாம் எண் அறையின் வருகைப் பதிவு

பொங்கல் விடுமுறையின் நான்காம் நாள், கருங்கல்மேடு அரசு கலைக் கல்லூரியில் ஆளே இல்லாத மத்தியான வேளையில், பூட்டிக்கிடந்த பதினேழாம் எண் அறைக்குள்ளிருந்து மூன்றாம் ஆண்டு கணித வகுப்பின் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் சுடலைமுத்து முதலில் அதைப் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் மூன்று வருடமாக அந்த அறையிலிருந்து அதே சத்தம்தான் வந்துகொண்டிருந்தது, பெஞ்சில் தாளம் போடுவதும் ஆடு போலக் கத்துவதும் கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதும் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடுவதும் எதற்கென்றே தெரியாமல் முப்பது பேர் சேர்ந்து சிரிப்பதுமாக. அன்றைக்கு லீவு என்பது அவருக்குப் பிறகுதான் நினைவு வந்தது. பூட்டைத் திறந்து பார்த்தார். பெஞ்சுகள் காலியாக இருந்தன, கரும்பலகையில் போன வாரத்துத் தேதி அழியாமல் இருந்தது, சத்தம் மட்டும் தரைக்கும் கூரைக்கும் நடுவே நிறைந்து நின்றது. அவர் வழக்கம்போல் கம்பால் கதவைத் தட்டி, பிரின்சிபால் ரூம் வரைக்கும் கேட்கிறது, கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள் என்று காலி பெஞ்சுகளிடம் சொல்லிவிட்டு, மறுபடியும் பூட்டிவிட்டு டீ குடிக்கப் போனார்.

நான் அந்த வகுப்பில் படித்தவள். வருகைப் பதிவேட்டில் நாற்பத்தோராவது பெயர், சோலையம்மாள். முதல் பெஞ்சில் சுவரோரம் என் இடம்.

எங்களுக்கு மூன்று வருடமும் அதே அறைதான். அந்த மூன்று வருடத்தில் ஒரு தேற்றம்கூட முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை இடையூறில்லாமல் அங்கே நிரூபிக்கப்பட்டதில்லை. எங்களுக்குக் கணிதம் நடத்திய எப்சிபா மேடம் கௌரவ விரிவுரையாளர், அதாவது ஒவ்வொரு ஜூன் மாதமும் அவருடைய வேலை இருக்கிறதா இல்லையா என்று ஒரு கூட்டம் போட்டு முடிவு செய்வார்கள். இரண்டு பஸ் மாறி வருவார். குரல் நூல் போல மெல்லியது. அவர் நிரூபணத்தின் முக்கியமான வரிக்கு வரும்போது பின் பெஞ்சிலிருந்து பத்துப் பதினைந்து குரல் ஒன்றாகச் சேர்ந்து, "மேம், சாப்டீங்களா?" என்று கேட்கும். முதல் வருடம் அவர் அதை அக்கறை என்று நினைத்துக்கொண்டு, திரும்பி நின்று, சாப்பிட்டேன்பா, நீங்களெல்லாம் சாப்பிட்டீர்களா என்று பதில் சொன்னார். அதற்குப் பிறகு மூன்று வருடமும் அவர்கள் அந்தக் கேள்வியை விடவில்லை.

நான் எப்படிப் படித்தேன் என்றால், வாயைப் பார்த்துப் படித்தேன். எங்கள் அப்பா கல்குவாரி கிரஷரில், கல்லை அரைக்கிற இயந்திரத்துக்குப் பக்கத்தில் இருபத்திரண்டு வருடம் நின்றவர். அம்மாவும் அங்கேதான் சல்லி அள்ளுகிறாள். கிரஷரில் வேலை செய்கிறவர்கள் யாரும் கத்திப் பேசுவதில்லை, கத்தியும் பயனில்லை, உதட்டை மட்டும் அசைத்துப் பேசிக்கொள்வார்கள். அப்பாவுக்குக் காது முழுக்கப் போன பிறகு எங்கள் வீட்டிலும் அதே பழக்கம் வந்துவிட்டது. எங்கள் வீட்டில் சண்டைகூடச் சத்தமில்லாமல்தான் நடக்கும். ஆகவே வகுப்பில் எவ்வளவு கூச்சல் இருந்தாலும் மேடத்தின் உதடு எனக்குத் தெரிந்தால் பாடம் எனக்கு வந்துவிடும். அதே பழக்கத்தால், என் பெயரை அவர் கூப்பிடும்போது நானும் உதட்டை மட்டும் அசைத்து "எஸ் மேம்" என்று சொல்வேன். அவர் பார்த்து, டிக் போட்டுவிடுவார். அதில் தவறு எதுவும் இருக்க முடியும் என்று எங்கள் இரண்டு பேருக்கும் தோன்றியதில்லை.

மூன்றாம் வருடம் அக்டோபரில் ஒரு தகராறு நடந்தது. வராத ஒருவனுக்காக இன்னொருவன் "எஸ் மேம்" சொன்னதை மேடம் கண்டுபிடித்து ஆப்சென்ட் போட, வகுப்பே துறைத் தலைவர் அறை வாசலில் போய் உட்கார்ந்து தாளம் போட்டது. துறைத் தலைவர் கனகசபாபதி சார் அமைதியை விரும்புகிறவர். அவர் அன்றைக்கே ஒரு விதி எழுதி ஒட்டினார்: பெயர் கூப்பிட்டால் குரல் வந்தால் வருகை, வராவிட்டால் இல்லை, கை தூக்குவதும் எழுந்து நிற்பதும் செல்லாது, இது எல்லாருக்கும் பொது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். சத்தம் வராமல் தட்டினேன்.

விடுமுறை முடிந்து நாங்கள் போனபோது எங்கள் சத்தம் எங்களுக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தது. யாரும் பயப்படவில்லை. பின் பெஞ்சின் தலைவன் அருள்சீலன், கல்லூரியிலேயே பெரிய குரல்காரன், சுவர் சுவராகக் காதை வைத்துக் கேட்டு, தீபாவளிக்கு முன்பு தான் அடித்த ஒரு நக்கல் மேற்கு மூலையில் இன்னும் சுற்றிக்கொண்டிருப்பதைக் கண்டுபிடித்து, கூட்டாளிகளை அழைத்து வந்து காட்டினான். அவனவன் தன் குரலைத் தேடிக் கண்டுபிடித்துச் சந்தோஷப்பட்டான். இரண்டு நாள் அவர்கள் வாய் திறக்காமல் உட்கார்ந்து தங்களையே கேட்டுக்கொண்டிருந்தார்கள். மூன்றாம் நாள் சலித்துவிட்டது. நாம் செய்கிற வேலையை அறையே செய்கிறபோது நாம் எதற்கு என்று நியாயமாக யோசித்து, பஸ் ஸ்டாப் டீக்கடைக்குப் போய்விட்டார்கள். என் பெஞ்சில் இருந்த மூன்று பேர் தலைவலி என்று லைப்ரரிக்குப் போனார்கள். அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் நான் ஒருத்திதான் இருந்தேன். சத்தத்தில் ஒரு இழைகூடக் குறையவில்லை.

கல்லூரி அதற்கு ஒரு வாரத்தில் பழகிவிட்டது. இயற்பியல் துறையிலிருந்து சத்தம் அளக்கும் கருவி ஒன்றைக் கொண்டுவந்து வைத்து, ஒரு எண்ணைக் குறித்துக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் எடுத்துப் போனார்கள். பக்கத்து அறை வரலாற்று வகுப்பு சைக்கிள் ஸ்டாண்டுக்கு மாறியது. பதினேழாம் எண் அறையின் ஜன்னல்களை அட்டை வைத்து ஒட்டவும் கதவை எப்போதும் சாத்தி வைக்கவும் சுற்றறிக்கை வந்தது. பிப்ரவரியில் வெளியூரிலிருந்து வந்த மதிப்பீட்டுக் குழு வராந்தா வழியாக நடந்து போகையில் சாத்திய கதவுக்கு வெளியே நின்று கேட்டுவிட்டு, மாணவர் பங்கேற்பு மிக நன்று என்று எழுதிக்கொடுத்தது. பிரின்சிபால் அதைச் சட்டம் போட்டு மாட்டினார்.

ஊரிலிருந்து அம்மாக்கள் வர ஆரம்பித்தார்கள். முதலில் வந்தவர் செல்லத்துரையின் அம்மா மாரித்தாய். செல்லத்துரை இரண்டாம் வருடத்திலேயே படிப்பை விட்டுவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போனவன், போன் செய்வதுகூட இல்லை, பதிவேட்டில் பெயரை மட்டும் யாரும் அடிக்காமல் விட்டிருந்தார்கள். ஆடு போலக் கத்துவது அவன்தான். மாரித்தாய் வெள்ளிக்கிழமைதோறும் வந்து கதவில் காதை வைத்து உட்கார்ந்துகொள்வார். "எம்புள்ளதான். எங்க வீட்டு வெள்ளாட்டுக்கிட்டப் பழகுன குரல்லா இது" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வார். சுடலைமுத்து அண்ணன் அவருக்கு ஒரு ஸ்டூல் போட்டுக் கொடுத்தார். பிறகு மற்ற அம்மாக்களும் வந்தார்கள். வேலைக்குப் போனவன், ஓடிப்போனவன், வீட்டிலேயே இருந்தும் வீட்டில் பேசாதவன், எல்லாருடைய அம்மாவும் வந்தார்கள். நான் வகுப்பு முடிந்து வெளியே வரும்போது, உள்ளே எல்லாரும் நல்லா இருக்கிறார்களா என்று என்னிடம் கேட்பார்கள். நல்லா இருக்கிறார்கள் என்று சொல்வேன்.

இதற்கிடையில் கனகசபாபதி சார் பதிவேட்டை மேடத்திடமிருந்து வாங்கிவிட்டார். நீங்கள் தாட்சண்யம் பார்க்கிறீர்கள், விதிப்படி போடுவதில்லை என்று சொல்லி, வருகை எடுக்கும் வேலையைச் சுடலைமுத்து அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் வராந்தாவில், சாத்திய கதவுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, ஒவ்வொரு பெயராக உரக்கக் கூப்பிடுவார். அருள்சீலன் என்பார். டீக்கடையில் இருக்கும் அருள்சீலனின் குரல் உள்ளேயிருந்து "எஸ் மேம்" என்னும். செல்லத்துரை என்பார். ஆட்டுக்குரலில் "எஸ் மேம்" வரும், மாரித்தாய் தலை நிமிர்வார். நாற்பத்தேழு பேரில் நாற்பத்தாறு பேருக்குக் குரல் வந்தது. சோலையம்மாள் என்று அவர் கூப்பிட்டபோது, உள்ளே முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நான் எனக்கு இருந்த குரலையெல்லாம் சேர்த்துச் சொன்னேன். அது என் காதுக்கே வரவில்லை.

நான் கதவைத் திறந்து வெளியே போய், "அண்ணே, நான் உள்ளதான் இருக்கேன்" என்றேன்.

"உள்ள இருந்தா சத்தம் வரணுமே, பாப்பா."

"இப்ப வந்து சொல்றேன்ல அண்ணே."

"இப்ப நீ வெளியல்லா நிக்க. வெளிய நிக்கிறவளுக்கு எப்படி உள்ள இருக்கான்னு போட முடியும்?" அவர் கிண்டல் செய்யவில்லை. உண்மையிலேயே வருத்தப்பட்டார். பேனாவை ஒரு நிமிடம் அந்தரத்தில் பிடித்திருந்துவிட்டு, என் பெயருக்கு நேரே ஏ என்று போட்டார்.

நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, எப்படியும் சரியாகிவிடும் என்று நினைத்தேன், எனக்கு வேறு சந்தோஷம் இருந்தது. எப்சிபா மேடம் ஒருநாள் தொண்டை கட்டிக்கொண்டு வந்தார். பழக்கதோஷத்தில் உதட்டை மட்டும் அசைத்துப் பாடம் சொல்லிக்கொண்டே போய், திரும்பிப் பார்த்தால், நான் ஒரு வரி விடாமல் எழுதியிருக்கிறேன். என் நோட்டை எடுத்துப் பார்த்தார். அடுத்த நாளிலிருந்து அவர் குரலை விட்டுவிட்டார். அந்தக் கூச்சலுக்கு நடுவே, ஆடு கத்த, தாளம் விழ, அறை தானாகவே முக்கியமான இடங்களில் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்க, அவர் உதட்டாலும் சாக்பீஸாலும் எனக்கு மட்டும் மெய்ப் பகுப்பாய்வு என்கிற கணிதப் பாடத்தை நடத்தினார். முதல் முறையாக ஒரு நிரூபணத்தை முதலிலிருந்து கடைசிவரை எழுதி முடித்தபோது அவர் பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முடிந்துவிட்டது என்று ஆச்சரியமாக உதட்டை அசைத்தார். நான் கல்லூரியில் மூன்று வருடம் இருந்தேன். படித்தது அந்த இரண்டு மாதம்தான்.

மார்ச் மாதம் வருகை சதவீதம் ஒட்டினார்கள். எழுபத்தைந்துக்குக் குறைந்தால் ஹால் டிக்கெட் கிடையாது. டீக்கடையில் இருந்தவர்களுக்கு நூறு, லைப்ரரியில் இருந்தவர்களுக்கு நூறு, திருப்பூரில் இருந்த செல்லத்துரைக்கும் நூறு. எனக்கு முப்பத்தொன்று. அதுவும் பதிவேடு கைமாறுவதற்கு முன்பு மேடம் போட்டது.

கல்லூரியில் சேருகிறபோது கட்டணச் சலுகைக்காகத் தாலுகா ஆபீஸில் எனக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வாங்கினோம். பட்டம் வாங்குவதற்கு மூன்று வருடம் முன்பே, இந்தக் குடும்பத்தின் முதல் பட்டதாரி என்று முத்திரை குத்திய தாள். அப்பா அதன் நகல் ஒன்றை லேமினேஷன் செய்து, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தார். இந்த வருடம் முடிக்கவில்லை என்றால் அடுத்த வருடம் தம்பியைச் சேர்க்க வேண்டும், நான் அம்மாவோடு சல்லி அள்ளப் போக வேண்டும், அது பேசி முடிவானது. அப்பா தினமும் சாயங்காலம் பரீட்சை எப்போது என்று உதட்டை அசைத்துக் கேட்பார். ஏப்ரல் என்று சொல்வேன். பட்டியல் ஒட்டிய அன்றும் கேட்டார். ஏப்ரல் என்றே சொன்னேன்.

எப்சிபா மேடம் எனக்காகத் துறைத் தலைவரிடம் போனார். நான் வாசலில் நின்றேன். பெஞ்சில் ஒரே ஒரு பிள்ளை உட்கார்ந்து பாடம் கேட்டதென்றால் அது இவள்தான், நான் சாட்சி என்று எழுதித் தருகிறேன் என்றார். கனகசபாபதி சார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, நிரந்தரமில்லாதவர்களின் சாட்சியை ஏற்க விதியில் இடமில்லை என்றார். பிறகு என்னை உள்ளே கூப்பிட்டார்.

"உன் மேல எனக்கு ஒரு குறையும் கிடையாதும்மா. ஆனா விதி எல்லாருக்கும் பொது. இன்னும் பன்னெண்டு நாள் இருக்குல்ல, குரல் கொடு. சத்தத்துக்குத் தேதி கிடையாது. ஒரு தடவை உன் குரல் அங்க தங்கிட்டா, முதல்லருந்தே இருந்ததா எடுத்துக்கலாம். மத்தவங்களுக்கும் அப்படித்தான் எடுத்திருக்கு."

அன்று நான்கு மணிக்கு, எல்லாரும் போன பிறகு, அறையின் நடுவில் நின்று கத்திப் பார்த்தேன். தொண்டை கிழிந்ததுதான் மிச்சம். மறுநாள் வந்து கேட்டால் என் குரல் எங்கேயும் இல்லை. மூன்று நாள் அப்படிச் செய்தேன். நான்காம் நாள் டீக்கடைக்குப் போனேன். மூன்று வருடத்தில் அருள்சீலனிடம் நானாகப் போய்ப் பேசியது அதுதான் முதல் தடவை. படிப்ஸ் டீக்கடைக்கு வந்திருக்கு, மழை வரப்போகுதுடா என்று கூட்டாளிகள் சிரித்தார்கள். நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் அவர்களைக் கையமர்த்தினான்.

"சும்மா கிடக்குற ரூம்ல கத்துனா தங்காது, சோலை. நாங்களும் லீவுல போய் டெஸ்ட் பண்ணிப் பாத்துட்டோம். பாடம் நடக்கும்போது கத்தணும். ஒருத்தர் சொல்ல வர்றதைச் சொல்ல விடாம அடிக்கணும். அப்படி அடிச்ச சத்தம் மட்டும்தான் உள்ள தங்கிருக்கு." அவன் டீ கிளாஸைக் கீழே வைத்தான். "மேம் இன்னுமா பாடம் நடத்துறாங்க?"

"நடத்துறாங்க."

"யாருக்கு?"

"எனக்கு."

என் டீக்கு அவன்தான் காசு கொடுத்தான்.

நான் மேடத்திடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. நாளைக்குப் பாதிப் பாடத்தில் நீ கத்து, நான் தப்பாக நினைக்க மாட்டேன் என்றார். மறுநாள் அவர் பலகையில் எழுதி, திரும்பி, ஒரு வாக்கியத்தைத் தொடங்கி, நடுவில் எனக்காக நிறுத்தி, ம், இப்போது என்பதுபோலத் தலையசைத்தார். நான் கத்தினேன். இரண்டு பேரும் காத்திருந்தோம். என் குரல் கரும்பலகையில் பட்டு, சாக்பீஸ் தூள் போல உதிர்ந்துபோயிற்று. நிறுத்திக் காத்திருக்கிற வாக்கியத்தை யாரும் வெட்ட முடியாது. பரவாயில்லை, நாளைக்கும் பார்ப்போம் என்றார். நாளைக்கும் பார்த்தோம். அதற்கடுத்த நாளும் பார்த்தோம். ஒவ்வொரு முறையும் அவர் எனக்காக நிறுத்தினார். நிறுத்தாமல் இருக்க அவருக்குத் தெரியவில்லை.

கடைசி வகுப்பு நாள் வந்தது. அன்றைக்கு நான் அவரிடம், வேண்டாம் மேம், விட்டுவிடலாம், அடுத்த வருடம் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னேன். இதை நான் மறைக்கக் கூடாது. அதைச் சொல்லும்போதே எனக்குத் தெரியும், அவர் நிறுத்தாமல் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அப்படிச் சொல்கிறேன் என்று.

அவர் நம்பினார். சோர்வாக எழுந்து, சரி, பாடத்தையாவது முழுசாக முடித்துவிடுவோம் என்று, சீரான தொடர்ச்சி என்கிற பாடத்தைத் தொடங்கினார். எனக்கு அது புத்தகத்தில் எத்தனையோ முறை படித்தும் புரியாதது. அவருக்குப் பிடித்த பாடம் அது. அச்சு வரைந்தார், வளைகோடு வரைந்தார், போகப்போகத் தான் இருக்கும் இடத்தையே மறந்துவிட்டார். முகம் மலர்ந்திருந்தது. அறை அதன் போக்கில் கத்திக்கொண்டிருந்தது, அவருக்கு அது கேட்கவில்லை. நான் அவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஒவ்வொரு புள்ளிக்கும் தனித்தனியா ஒரு அளவு தேடிக்கிட்டா, அது சாதாரணத் தொடர்ச்சி. ஆனா நீ எந்தப் புள்ளியில போய் நின்னாலும் சரி, அந்த ஒரே அளவு போதும்னா, அப்போ அந்தச் சார்பு..."

இரண்டு மாதம் அவரைக் கவனித்தவள் நான். அடுத்து வருவதுதான் அவர் அன்றைக்கு முழுக்கச் சொல்ல வந்த வார்த்தை என்று எனக்குத் தெரிந்தது. எழுந்து நின்று, கண்ணை இறுக மூடிக்கொண்டு, "எஸ் மேம்" என்று கத்தினேன். இதுவரை யாரும் என்னிடமிருந்து கேட்காத குரல் அது, எனக்கே அது யாருடையது என்று தெரியவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் உதடு மூடியிருந்தது. நடுவில் அவர் அந்த வரியை முடித்தாரா, முடிக்காமல் விட்டாரா என்று நான் பார்க்கவில்லை. என் குரல் மேற்குச் சுவரில் மோதி, திரும்பி வந்து, ஆட்டுக்குரலுக்கும் தாளத்துக்கும் நடுவில் தனக்கு ஒரு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டது.

மேடம் சாக்பீஸைப் பெட்டியில் வைத்தார். கையைத் தட்டிக்கொண்டு பையை எடுத்தார். வாசலில் நின்று என்னிடம் ஏதோ சொன்னார் என்று நினைக்கிறேன். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்ததால் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

மறுநாள் காலை, பதிவேட்டை ஒப்படைப்பதற்கு முன்பு கடைசியாக ஒரு தடவை, சுடலைமுத்து அண்ணன் வராந்தாவில் உட்கார்ந்து சோலையம்மாள் என்று கூப்பிட்டார். நான் பக்கத்தில் தூணோரம் நின்றிருந்தேன். உள்ளேயிருந்து என் குரல் கணீரென்று வந்தது. அவர் சிரித்துக்கொண்டே, ஜனவரியிலிருந்து இருந்த எல்லா ஏ-க்களையும் திருத்தினார். அம்மாக்கள் என்னைப் பார்த்து, உன் குரலா, நல்லா இருக்கும்மா என்றார்கள். ஹால் டிக்கெட் வந்தது. பரீட்சையில் சீரான தொடர்ச்சி பத்து மதிப்பெண் கேள்வியாக வந்தது. கைடில் இருந்த வரையறையை மனப்பாடமாக எழுதினேன், எனக்குப் புரியாததை எழுதிப் பத்துக்கு எட்டு வாங்கினேன். பட்டதாரி ஆனேன். அப்பா கிரஷரில் எல்லாருக்கும் லட்டு கொடுத்தார்.

ஜூன் மாதக் கூட்டத்தில் எப்சிபா மேடத்துக்கு வேலை நீட்டிக்கவில்லை. காரணமாக என்ன எழுதினார்கள் என்று சுடலைமுத்து அண்ணன்தான் எனக்குச் சொன்னார். இந்த ஆசிரியரால் வகுப்பைக் கட்டுப்படுத்த முடியவில்லை, இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்த ஒரே மாணவியும் இப்போது கத்த ஆரம்பித்துவிட்டாள் என்று கனகசபாபதி சார் எழுதியிருந்தார். அதில் ஒரு வார்த்தையும் பொய் இல்லை. மேடத்தின் ஊர் எது என்று எனக்குத் தெரியும். இரண்டு பஸ் மாற வேண்டும். நான் போகவில்லை.

அடுத்த வருடம் பிப்ரவரியில் பட்டச் சான்றிதழ் வாங்கக் கல்லூரிக்குப் போனேன். ஆபீஸ் ஜன்னலில் கூட்டம் இருந்தது. கிளார்க் என் பெயரைக் கூப்பிட்டதும், பின்னாலிருந்து "எஸ் சார்" என்று உரக்கச் சொன்னேன். ஒரு தடவை கத்திவிட்டால் பிறகு அது கஷ்டமாக இருப்பதில்லை. சான்றிதழை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, நோட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் எனக்கு எதிரே நின்றாள்.

"அக்கா, பதினேழாம் நம்பர் ரூம்ல 'எஸ் மேம்'னு கத்துறது நீங்கதானே?"

அவள் பெயர் தாஜுன்னிஸா. அந்த அறையை இப்போது இவளுடைய வகுப்புக்குக் கொடுத்திருந்தார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாரும் முதல் மாதமே ஆளுக்கு இரண்டு கத்துக் கத்திக் குரலை உள்ளே விட்டுவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார்கள் என்றாள். இவள் ஒருத்திதான் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள். புதிதாக வந்திருக்கும் சாரின் வாயைப் பார்த்துப் பார்த்தே பாடத்தைப் புரிந்துகொள்ளப் பழகிவிட்டாளாம். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லையாம்.

"மத்த சத்தமெல்லாம் பழகிருச்சுக்கா. அது ஒரு பக்கம் ஓடிக்கிட்டு இருக்கும். உங்க குரல் மட்டும்தான் பழகவே மாட்டேங்குது. சார் எப்ப முக்கியமான வார்த்தைக்கு வர்றாரோ, சரியா அந்த எடத்துல வந்து விழுகுது. நானும் பயந்து கண்ணை மூடிர்றேன்."

அவள் குற்றமாகச் சொல்லவில்லை. இருமல் இருக்கிறது, காய்ச்சல் இருக்கிறது என்று டாக்டரிடம் சொல்வதுபோலச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்டேனா என்று எனக்கு நினைவில்லை. கேட்டிருந்தால் எழுதியிருப்பேன்.

பிறகு அவள் தயங்கித் தயங்கி, தனக்கு வருகை இருபத்தெட்டு சதவீதம்தான் இருக்கிறது என்றாள். உங்களுக்கும் இப்படித்தான் இருந்தது, கடைசியில் சரியாகிவிட்டது என்று வாட்ச்மேன் அண்ணன் சொன்னார், எப்படிக்கா சரிசெய்தீர்கள் என்று கேட்டாள். அவள் அப்பா என்ன வேலை செய்கிறார் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று பயமாக இருந்தது.

"சார் நல்லா நடத்துவாரா?" என்று மட்டும் கேட்டேன்.

"ரொம்ப நல்லா நடத்துவாருக்கா. எனக்குப் புரியணும்னே மெதுவா நடத்துவாரு."

எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மனு எழுதிப் போடு, பிரின்சிபாலைப் பார், வேறு கல்லூரிக்கு மாற்றிக்கொள் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம், அவள் நம்பியிருப்பாள், ஏப்ரலில் ஹால் டிக்கெட் இல்லாமல் வீட்டுக்குப் போயிருப்பாள். கையில் சான்றிதழை வைத்துக்கொண்டு அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆகவே உள்ளதைச் சொன்னேன். காலி அறையில் கத்தாதே, அது தங்காது. அவரிடம் சொல்லிவிட்டுக் கத்தாதே, அவர் உனக்காக நிறுத்திவிடுவார். அவர் தன்னை மறந்து நடத்துகிற நாள் ஒன்று வரும், அதுவரைக்கும் பொறுமையாக இரு, எந்த வரியைச் சொல்வதற்காக அன்றைக்கு அவர் வந்திருக்கிறார் என்று உனக்கே தெரியும், அந்த வரியில் எழுந்து நில். தாஜுன்னிஸா தலையைச் சாய்த்து, என் வாயையே பார்த்துக்கொண்டு, பாடம் கேட்பதுபோலக் கேட்டாள். நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை.

மணி அடித்தது. அவள் நன்றி சொல்லிவிட்டு நான்கடி போனவள், நான் கூப்பிட்டதும் திரும்பினாள்.

"கத்தும்போது கண்ணை மட்டும் மூடிக்காத" என்றேன்.

"ஏன்க்கா?"

"அந்த வரியையாவது பாத்துக்க."

அவள் புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு, கதவைத் திறந்து அந்தச் சத்தத்துக்குள் போனாள். கதவு சாத்திக்கொண்டது. இன்றைக்கே செய்வாளா, நாளைக்குச் செய்வாளா என்று எனக்குத் தெரியாது. நான் சான்றிதழைக் கவரில் போட்டுக்கொண்டு, அவள் குரல் வருவதற்குள் கேட்டைத் தாண்டிவிட வேண்டும் என்று வேகமாக நடந்தேன்.